ஓரம் மறந்த பதாகைகள்

(இளம் அறிவியல், இயற்பியல் - மூன்றாம் ஆண்டு)

முறத்துக்கு விளிம்பு கட்டாமல் யாரும் சந்தைக்குக் கொண்டு வருவதில்லை. கோரைப் பாயின் ஓரத்தை மடித்துப் பின்னாமல் யாரும் அதைச் சுருட்டிக் கட்டுவதில்லை. கடலோர மக்கள் பாயின் விளிம்பில் கயிற்றை வைத்துத் தைத்த பிறகே காற்றை நம்பிப் படகைத் தள்ளினார்கள். மீன் வலையும் அப்படியே. ஆயிரம் கண்ணிகளின் பாரத்தையும் தாங்குவது அதன் ஓரத்தில் ஓடும் கயிறுதான். நம் வீட்டுத் தாய்மார்கள் புதுச் சேலை எடுத்தால், கட்டுவதற்கு முன்னே ஓரம் அடிக்கக் கொடுத்துவிடுகிறார்கள். ஒரு துணி நைந்து போவது பெரும்பாலும் நடுவிலிருந்து அன்று, ஓரத்திலிருந்துதான் என்பதை ஏட்டுக் கல்வி இல்லாதவர்களும் அறிந்து வைத்திருந்தார்கள்.

இத்தனையும் அறிந்த நாம் ஒரே ஒரு பொருளில் மட்டும் அதை மறந்துவிட்டோம். தெருவெங்கும் நாம் கட்டித் தொங்கவிடும் ஃப்ளெக்ஸ் பதாகையைத்தான் சொல்கிறேன். காதணி விழாவா, கோயில் கொடையா, கல்யாணமா, கண்ணீர் அஞ்சலியா, எதுவானாலும் மதுரையில் முதலில் எழுவது பதாகை, பிறகுதான் பந்தல். அந்தப் பதாகையில் யாருடைய படம் பெரிது, எந்தப் பட்டப் பெயர் முதலில் வர வேண்டும், பின்னணியில் சிங்கமா புலியா என்பதற்கெல்லாம் மணிக்கணக்கில் விவாதம் நடக்கும். அதன் ஓரம் மடிக்கப்பட்டதா என்று கேட்டவர் ஒருவரைக்கூட நான் கண்டதில்லை. அதைப் பற்றித்தான் இங்கே சில சொல்ல விரும்புகிறேன்.

என் வேலை

இதைச் சொல்ல உனக்கு என்ன தகுதி என்று நண்பர்கள் கேட்கலாம். நான் விளாங்குடியில் இருப்பவன். மதுரைக்கு வடமேற்கே, திண்டுக்கல் சாலையில், வைகையின் வடகரைப் பக்கம் உள்ள எங்கள் ஊர் 2011-ஆம் ஆண்டு மாநகராட்சியோடு இணைக்கப்பட்டது. கூடல்நகர் ரயில் நிலையம் எங்களுக்குப் பக்கத்தில்தான். கல்லூரி விட்டு வீடு திரும்பியதும் மாலை ஆறு மணியிலிருந்து இரவு பத்து மணி வரை ஒரு ஃப்ளெக்ஸ் அச்சகத்தில் வேலை செய்கிறேன். என் படிப்புச் செலவில் ஒரு பகுதி அதில்தான் கழிகிறது. இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கம் இல்லை. இந்த வளாகத்தில் என்னைப் போல் மாலையில் வேலைக்குப் போகிறவர்கள் பலர் இருக்கிறார்கள்.

என் வேலை படம் அமைப்பதன்று. அதற்குக் கணினி தெரிந்த அண்ணன் ஒருவர் இருக்கிறார். அச்சு இயந்திரத்தை ஓட்டுவதும் அன்று. இயந்திரத்திலிருந்து மை மணத்தோடு சுருண்டு வரும் பதாகையைத் தரையில் விரித்து, அளவாக வெட்டி, ஓரம் மடித்து, வளையம் அடித்து, சுருட்டிக் கொடுப்பது என் வேலை. என்னோடு இரண்டு அக்காமார் இருக்கிறார்கள். பகல் முழுவதும் அவர்கள் செய்கிறார்கள்; இரவில் நான் சேர்ந்துகொள்கிறேன்.

ஃப்ளெக்ஸ் என்பது பார்வைக்கு ஒரே தாள் போலத் தோன்றும். உண்மையில் அது மூன்று அடுக்கு. நடுவில் பாலியெஸ்டர் நூலால் ஆன வலை. அதன் இருபுறமும் பி.வி.சி. படலம். படலம் மையை ஏற்கிறது, மழையைத் தடுக்கிறது. இழுவையைத் தாங்குவது உள்ளே இருக்கும் நூல்தான். பிளேடு வைத்து வெட்டிய ஓரத்தில் அந்த நூல்களெல்லாம் அறுபட்ட முனைகளாக நிற்கின்றன. அங்கே ஒரு துளை போட்டுக் கயிற்றைக் கட்டினால், அந்தக் கயிற்றுக்கும் வெளிக்கும் நடுவே இருப்பவை ஒரு விரற்கடை அகலத்துக்குள் அடங்கும் சில நூல்களே. அவை ஒவ்வொன்றாக நழுவிவிட்டால் கயிறு வெளியே வந்துவிடும்.

ஆகவேதான் ஓரத்தை மடிக்க வேண்டும். படம் அமைக்கும்போதே நாற்புறமும் இரண்டு அங்குலம் வெள்ளையாக விட்டுவிட வேண்டும். அந்த வெள்ளையைப் பின்புறமாக மடித்து, தூசியைத் துடைத்து, பசை தடவி, உருளையால் அழுத்த வேண்டும். வசதியுள்ள இடங்களில் சூடான காற்றைப் பாய்ச்சி இரண்டு மடிப்பையும் உருக்கி ஒன்றாக்கிவிடுகிறார்கள். அது பசையைவிட உறுதி. பசை நம் ஊர் வெயிலில் இளகும், உருக்கிய ஓரம் அவ்வளவு எளிதில் பிரியாது. தைப்பதும் உண்டு. ஆனால் தையலை நெருக்கமாகப் போட்டுவிட்டால், தபால் தலையைக் கிழிக்க வசதியாகத் துளையிட்டு வைத்திருப்பது போல் ஆகிவிடும். தையல் சற்று அகலமாகவே இருக்க வேண்டும்.

மடித்த பிறகு நான்கு மூலைகளிலும் முக்கோணமாக ஒரு துண்டு கூடுதலாக ஒட்ட வேண்டும். இழுவை அதிகம் சேரும் இடம் மூலை. வளையத்தை மடிப்பின் மேல்தான் அடிக்க வேண்டும். இரண்டு அடுக்கையும் அது கவ்விப் பிடிக்க வேண்டும். இரண்டடிக்கு ஒன்றாவது வேண்டும். மிகப் பெரிய பதாகையென்றால் மடிப்புக்குள்ளே நைலான் கயிற்றை ஓடவிட்டு ஒட்டுவோம். பாய்மரத்துக்குச் செய்த அதே வேலைதான். பொருள் மட்டும் மாறியிருக்கிறது.

பத்தடிக்கு எட்டடிப் பதாகை ஒன்றுக்கு இதையெல்லாம் ஒழுங்காகச் செய்ய எனக்கு முக்கால் மணி நேரம் பிடிக்கும். அந்த முக்கால் மணி நேரத்தை யாரும் எனக்குத் தருவதில்லை.

பரப்புக்கு விலை, சுற்றளவுக்கு?

ஏன் தருவதில்லை? இதற்கு விடை கணக்கில் இருக்கிறது. ஃப்ளெக்ஸ் பதாகைக்குச் சதுர அடிக் கணக்கில் விலை. நீளத்தையும் அகலத்தையும் பெருக்கினால் பரப்பு. பரப்பைப் பெருக்கினால் பணம். ஆனால் நான் செய்யும் வேலை சுற்றளவில் நடக்கிறது. நீள அடிக் கணக்கில் அளக்க வேண்டிய வேலை அது. நான் பார்த்த அளவில் ரசீதில் சுற்றளவுக்கு என்று ஒரு வரி இருப்பதில்லை. 'மடிப்பு, வளையம் எல்லாம் சேர்த்துத்தானே?' என்று வாங்குபவர் கேட்கிறார். 'சேர்த்துத்தான்' என்று கடைக்காரர் சொல்கிறார். பக்கத்துக் கடை ஒரு ரூபாய் குறைத்தால் இந்தக் கடையும் குறைக்க வேண்டியிருக்கிறது. மையைக் குறைக்க முடியாது, படம் மங்கிவிடும். ஃப்ளெக்ஸை ஓரளவுக்கு மேல் மெலிதாக்க முடியாது. குறைக்கக் கூடியது ஒன்றுதான். இரண்டு அங்குல மடிப்பு ஓர் அங்குலம் ஆகும். நாற்புற மடிப்பு மேலும் கீழும் மட்டும் ஆகும். பதினெட்டு வளையம் நான்கு ஆகும். இறுதியில் 'அப்படியே வெட்டிக் கொடு' என்பதாகிவிடும்.

இங்கே இன்னொரு வேடிக்கையும் உண்டு. மூன்றடிக்கு இரண்டடிப் பதாகைக்குப் பரப்பு 6 சதுர அடி. சுற்றளவு 10 அடி. பத்துக்கு எட்டு என்றால் பரப்பு 80, சுற்றளவு 36. இருபதுக்குப் பத்து என்றால் பரப்பு 200; சுற்றளவு 60. காற்றை வாங்குவது பரப்பு. அதைத் தாங்குவது சுற்றளவு. சிறிய பதாகையில் ஓர் அடி ஓரம் தாங்க வேண்டியது அரைச் சதுர அடிக்குச் சற்று மேல். பெரிய பதாகையில் அதே ஓர் அடி ஓரம் மூன்றே கால் சதுர அடிக்கு மேல் தாங்க வேண்டும். ஐந்து மடங்கு! பெரிய பதாகைக்குத்தான் ஓரம் மிகவும் வலுவாக இருக்க வேண்டும். நடப்பதோ நேர்மாறு. சிறியதை மேசையில் வைத்து அழகாக மடித்துவிடுகிறோம். பெரியதை விரிக்க இடமில்லை என்று அப்படியே சுருட்டிக் கொடுத்துவிடுகிறோம்.

காற்றின் கணக்கு

இயற்பியல் மாணவன் என்ற முறையில் காற்றையும் ஒரு கணக்குப் பார்த்தேன். கட்டடங்களின் மேல் காற்று தரும் அழுத்தத்தைக் கணிக்க இந்தியத் தர நிர்ணயம் 875, மூன்றாம் பகுதி ஓர் எளிய வாய்பாட்டைத் தருகிறது. காற்றின் வேகத்தை வினாடிக்கு மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கத்தை 0.6-ஆல் பெருக்கினால் சதுர மீட்டருக்கு எத்தனை நியூட்டன் என்று கிடைக்கும். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் காற்று புயல் அன்று. ஆடி மாதத்தில் எங்கள் ஊருக்கு அது வழக்கமான விருந்தாளி. அந்தக் காற்று பத்துக்கு எட்டுப் பதாகையை நேராகத் தாக்கினால், அதன் மேல் விழும் மொத்த விசை ஏறத்தாழ 56 கிலோ எடைக்குச் சமம். வேகம் இரட்டித்து 80 கிலோமீட்டர் ஆனால் விசை இரட்டிப்பதில்லை. நான்கு மடங்காகி 224 கிலோவைத் தொடுகிறது. வேகத்தின் வர்க்கம் என்பதை வகுப்பில் கரும்பலகையில் பார்த்தபோது அது வெறும் எழுத்து. பதாகையில் பார்த்தால் அது ஒரு நெல் மூட்டைக்கும் ஒரு மாட்டு வண்டிச் சுமைக்கும் உள்ள வேறுபாடு.

56 கிலோவையே எடுத்துக்கொள்வோம். இரண்டடிக்கு ஒன்றாகப் பதினெட்டு வளையங்கள் இருந்தால் ஒவ்வொன்றும் தாங்க வேண்டியது சுமார் 3 கிலோ. நான்கு மூலைகளில் மட்டும் கட்டினால் ஒவ்வொன்றுக்கும் 14 கிலோ. இதுவும் குறைந்த அளவுக் கணக்குத்தான். துணி காயப் போடும் கொடியை இறுக்கிக் கட்டினால், ஓர் ஈரத் துண்டைப் போட்டாலே ஆணி பெயர்ந்து வருவதைப் பார்த்திருக்கிறோம். பதாகையையும் சுருக்கம் தெரியக் கூடாது என்று விறைப்பாக இழுத்துக் கட்டுகிறோம். அப்போது முடிச்சுகளில் விழும் இழுவை இதைவிடப் பல மடங்கு கூடும்.

காற்று போகட்டும் என்று பதாகையின் நடுவே பிறை வடிவில் கத்தியால் கீறிவிடும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. இதை நானும் செய்திருக்கிறேன். இந்தக் கீறல்கள் தடுத்து நிறுத்தும் விசை மிகக் குறைவு. ஏனெனில் திறக்கும் பரப்பு மொத்தத்தில் சிறு பங்கே. ஆனால் ஒவ்வொரு கீறலின் இரு நுனிகளும் ஒரு புதுக் கிழிசலின் தொடக்கம். ஜவுளிக் கடையில் கவனித்திருப்பீர்கள். விற்பவர் துணியின் ஓரத்தில் கத்தரியால் ஒரு சிறு வெட்டுப் போடுவார்; பிறகு இரு கைகளாலும் இழுப்பார்; சர்ரென்று இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரை நேர்கோட்டில் கிழிந்து போகும். வெட்டுப் போடாமல் எவ்வளவு பலசாலியாலும் அப்படிக் கிழிக்க முடியாது. இழுவை முழுவதும் அந்தச் சிறு வெட்டின் நுனியில் வந்து குவிகிறது. 1954-ஆம் ஆண்டு காமெட் என்ற ஜெட் விமானங்கள் இரண்டு மத்தியதரைக் கடற்பகுதியில் வானிலேயே சிதறின. ஆராய்ந்தபோது, உடற்பகுதியில் இருந்த திறப்புகளின் மூலைகளில் தொடங்கிய விரிசலே காரணம் என்று கண்டார்கள். விமானத்தின் அலுமினியத் தகட்டுக்கும் நம் தெருப் பதாகைக்கும் இயற்கை தனித்தனிச் சட்டம் வைத்திருக்கவில்லை.

அந்த ஆடி மாதம்

இந்தக் கணக்கையெல்லாம் நான் போட்டுப் பார்த்தது பிறகுதான். முன்னமே போட்டிருந்தால் என்று இன்றும் எண்ணுகிறேன்.

சென்ற ஆண்டு ஆடி மாதம் ஒரு நாள் இரவு ஒன்பது மணிக்கு ஒருவர் வந்தார். மறுநாள் காலை வீட்டில் காதணி விழா. பத்துக்கு எட்டில் ஒரு பதாகை. அரை மணியில் வேண்டும். குழந்தையின் சிரித்த முகம் நடுவில். தாய்மாமன்மார் மூவர் இருபுறமும். அச்சாகி வந்ததும் நான் மடிக்க உட்கார்ந்தேன். 'தம்பி, மடிப்பெல்லாம் எதுக்கு? வண்டி நிக்கிது. வெட்டிக் குடுப்பா, நாங்க பாத்துக்கிறோம்' என்றார். கடைக்காரரைப் பார்த்தேன். அவர் தலையை அசைத்தார். எனக்கும் மறுநாள் தேர்வு இருந்தது. வெட்டிச் சுருட்டிக் கொடுத்துவிட்டேன். உண்மையைச் சொன்னால், வேலை குறைந்ததே என்று மகிழ்ந்தேன்.

சாலைத் திருப்பத்தில் இரண்டு சவுக்குக் கம்புகளை நட்டு, மூலைகளில் கத்தியால் துளையிட்டு, பிளாஸ்டிக் கயிற்றால் இழுத்துக் கட்டினார்கள். விழா நன்றாக நடந்தது. விழா முடிந்த பிறகும் பதாகையை அவிழ்க்கவில்லை. மூன்றாம் நாள் மாலை காற்று எழுந்தது. ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள். இங்கே பறந்தது அம்மியைவிட இலேசானது. ஆனால் அந்த நேரம் எங்கள் தெருவுக்குப் பால் ஊற்றும் பெரியவர் மொபெட்டில் இரண்டு கேன்களோடு அந்தத் திருப்பத்துக்கு வந்துகொண்டிருந்தார். மேல் மூலை பிய்த்துக்கொண்டது. பதாகை சாலையின் குறுக்கே மடிந்து அவர் மேல் விழுந்தது. பின்னால் பேருந்தோ லாரியோ வராதது அவர் செய்த புண்ணியம். தோள் எலும்பு முறிந்தது. இரண்டு மாதம் பால் ஊற்ற அவருடைய மகள் வந்தாள். அப்போது அவள் பன்னிரண்டாம் வகுப்பு.

விழா வீட்டார் காற்றைக் குறை சொன்னார்கள். கட்டியவர் கயிற்றைக் குறை சொன்னார். ஃப்ளெக்ஸ் மட்டம் என்று கடையில் பேசிக்கொண்டார்கள். என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சாக்கடையோரம் கிடந்த பதாகையை மறுநாள் காலை போய்ப் பார்த்தேன். கயிறு அறுபடவில்லை, முடிச்சு அப்படியே கம்பில் இருந்தது. ஃப்ளெக்ஸின் நடுவில் ஒரு சிறு கீறல்கூட இல்லை. மேல் மூலைத் துளையிலிருந்து வெளி ஓரம் வரை மூன்று விரல் நீளத்துக்குக் கிழிந்திருந்தது, அவ்வளவுதான். ஒரு மடிப்பும் ஒரு வளையமும் இருக்க வேண்டிய இடம் அது. அந்தப் பதாகை முழுவதிலும் என் கை செய்ய வேண்டியிருந்தது அந்த ஓரம் ஒன்றைத்தான்.

பெரியவரை வீட்டில் போய்ப் பார்த்தேன். விஷயத்தைச் சொல்ல வாய் வரவில்லை. அவரே பேசினார். 'ஒண்ணுமில்ல தம்பி. திரும்புறேன், ஒரு பிள்ளை சிரிச்ச மொகம் அம்மாம் பெருசா முன்னால வந்துச்சு. அம்புட்டுத்தான் தெரியும்' என்றார். பிறகுதான் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார். 'இனிமே மடிச்சுக் குடு' என்றார். அதற்கு மேல் அவர் எதுவும் சொல்லவில்லை. இக்கட்டுரைக்கு அந்த மூன்று சொற்களே காரணம்.

தடை ஒன்றே வழியா?

பதாகைகளையே ஒழித்துவிட்டால் ஓரம் எதற்கு என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. பொது இடங்களின் தோற்றத்தைக் கெடுப்பதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 1959-ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்தது. 2018 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் மாநிலம் முழுவதும் ஃப்ளெக்ஸ் பதாகைகளுக்கு இடைக்காலத் தடை விதித்தது. அதன் பிறகும், 2019 செப்டம்பர் 12 அன்று சென்னை பள்ளிக்கரணையில், இரு சக்கர வண்டியில் வந்துகொண்டிருந்த 23 வயது மென்பொருள் பொறியாளர் ஒருவர் மேல் சாலை நடுவே வைத்திருந்த பதாகை விழுந்தது. அவர் தடுமாறி விழ, பின்னால் வந்த தண்ணீர் லாரி ஏறியது. அந்தப் பதாகைக்கு ஓரம் மடித்திருந்தார்களா என்பது கேள்வியே அன்று; அங்கே அது இருந்திருக்கவே கூடாது. அனுமதி இல்லாத இடத்தில், போக்குவரத்துக்கு இடையூறாக நிற்கும் பதாகையை எவ்வளவு அழகாக மடித்தாலும் அது குற்றமே. இதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

ஓரம் மட்டுமே எல்லாவற்றுக்கும் மருந்து என்றும் நான் சொல்லவில்லை. 2024 மே 13 அன்று மும்பை காட்கோபரில் புழுதிக் காற்றில் சரிந்தது 120 அடிக்கு 120 அடி இரும்புப் பலகை. 17 பேர் மாண்டார்கள். அங்கே தவறியது அடித்தளம். 2023 ஜூன் 1 அன்று கோவை மாவட்டம் கருமத்தம்பட்டி அருகே விளம்பரப் பலகை அமைக்கும் பணியில் இருந்த தொழிலாளர்கள் மூவர் இரும்புச் சட்டம் சரிந்து இறந்தார்கள். பலகையில் யாருடைய விளம்பரம் வர வேண்டும் என்பதற்குக் கொடுத்த கவனத்தில் ஒரு பங்கை அதைத் தாங்கும் கால்களுக்குக் கொடுத்திருந்தால் என்ற எண்ணம் இவ்விரண்டிலும் எழுகிறது. முகத்துக்குச் செலவிடுகிறோம், முகத்தைத் தாங்குவதற்குச் செலவிட மறுக்கிறோம். நோய் ஒன்றே, அது ஓரத்திலும் வெளிப்படும், அடித்தளத்திலும் வெளிப்படும்.

தடை இருந்தும் பதாகைகள் முற்றிலும் மறையவில்லை என்பதை நம் கண்களே காண்கின்றன. கடைப் பெயர்ப் பலகை, கல்யாண மண்டபத்தின் உள்முகப்பு, நம் கல்லூரி வாயில் ஆகிய இடங்களில் முறையாக வைக்கப்படுபவையும் உண்டு. ஒன்றை வைப்பதென்றால் பிறர் மேல் விழாதபடி வைப்பது வைப்பவரின் கடமையும், அதைச் செய்து கொடுத்தவரின் கடமையும் ஆகும்.

ஓரம் மடித்த பதாகைக்கு இன்னொரு வாழ்வும் உண்டு. எங்கள் பகுதியில் ஆட்டுக் கொட்டகையின் மேற்கூரை, தேநீர்க் கடையின் சாய்ப்பு, மழைக்கு விறகை மூடும் போர்வை எல்லாம் பழைய பதாகைகளே. மடிப்பும் வளையமும் உள்ள பதாகை நேரே தார்ப்பாயாகப் பயன்படுகிறது. வெட்டு ஓரம் உள்ளதோ சில வாரங்களில் நூல் நூலாகப் பிரிந்து குப்பைக்குப் போகிறது. ஃப்ளெக்ஸ் மண்ணில் மக்காது. எரித்தால் அதிலுள்ள குளோரின் நச்சுப் புகையாக எழும். குப்பைக்குப் போவதைச் சில ஆண்டுகள் தள்ளிப் போடுவதுகூட ஒரு நன்மையே.

நாம் செய்யக் கூடியவை

அரசுக்கும் மாநகராட்சிக்கும் அறிவுரை சொல்லி முடித்துவிடுவது எளிது. நம்மால் ஆவதை முதலில் சொல்கிறேன்.

முதலாவது, பதாகை வாங்கும்போது ரசீதில் 'ஓரம், இத்தனை நீள அடி' என்று ஒரு தனி வரி கேளுங்கள். அதற்குத் தனியே பணமும் கொடுங்கள். விலை இல்லாத வேலை ஒழுங்காக நடக்காது. அந்த வரி வந்துவிட்டால் கடைக்காரர் அதைத் தவிர்க்க முடியாது. தரையில் குனிந்து பசை மணத்தில் தலைவலியோடு மடிக்கும் அக்காமாருக்கும் கூலி கேட்க ஒரு பிடி கிடைக்கும்.

இரண்டாவது, வாங்கியதும் படத்தைப் பார்ப்பதற்கு முன் பதாகையைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். நாற்புறமும் மடிப்பு இருக்கிறதா, மூலையில் இரட்டைத் துண்டு இருக்கிறதா, வளையம் மடிப்பின் மேல் இருக்கிறதா என்று பார்க்க ஒரு நிமிடம் போதும். புடவைக் கடையில் நாம் காட்டும் கவனத்தில் நூற்றில் ஒரு பங்கு போதுமானது.

மூன்றாவது, விழா முடிந்த அன்றே அவிழ்த்துவிடுங்கள். எங்கள் தெருவில் விழுந்தது மூன்றாம் நாள்தான். பந்தலைப் பிரிக்கிறவர்களுக்குப் பதாகையை அவிழ்க்க ஐந்து நிமிடம் ஆகுமா?

நான்காவது, நம் கல்லூரியைப் பற்றியது. விளையாட்டு விழா, முத்தமிழ் விழா, பிரிவு உபசார விழா என்று ஆண்டுதோறும் வாயிலில் பதாகை கட்டுகிறோம். முன்பெல்லாம் காடாத் துணியில் கையால் எழுதி, ஓரம் தைத்து, அதை வைத்திருந்து மறு ஆண்டும் துவைத்து எழுதினார்கள் என்று பேராசிரியர் ஒருவர் வகுப்பில் கூறினார். நம்மிடையே நன்றாக எழுதவும் வரையவும் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். துணியில் முடிந்ததைத் துணியிலேயே செய்வோம். ஃப்ளெக்ஸ்தான் வேண்டுமென்றால் ஒன்று போதும். அதையும் ஓரம் மடித்து, பதினெட்டு வளையம் அடித்து, ஆண்டு இல்லாமல் அச்சிட்டு, மறு ஆண்டும் பயன்படுத்துவோம். இந்த ஆண்டு விழாவுக்கு அந்த ஓர வேலையை நானே இலவசமாகச் செய்து தருவதாகப் பேரவைச் செயலரிடம் சொல்லியிருக்கிறேன். ரசீதில் மட்டும் அந்த வரி இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். அந்தப் பணம் அக்காமாருக்குப் போகட்டும்.

அந்த ஆடிக்குப் பிறகு கடையில் நான் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். எவ்வளவு அவசரமானாலும் மேல் மூலைகள் இரண்டையாவது மடித்து வளையம் அடித்த பிறகே கையில் கொடுக்கிறேன். பத்து நிமிடம் ஆகிறது. சிலர் திட்டுகிறார்கள். கடைக்காரர் முதலில் முணுமுணுத்தார்; இப்போது அவரே, 'பொறுங்க அண்ணே, ஓரம் மடிச்சிட்டுக் குடுக்கச் சொல்றேன்' என்கிறார்.

பால்காரப் பெரியவர் மறுபடி மொபெட்டில் வருகிறார். வலத் தோள் இன்னும் முழுதாகத் தூக்க வரவில்லை. கேனை இடக் கையால்தான் இறக்குகிறார். அந்தத் திருப்பத்தில் இப்போதும் அடிக்கடி புதுப் பதாகைகள் எழுகின்றன. அங்கே வந்ததும் அவர் வண்டியின் வேகத்தைக் குறைத்து மேலே ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் திரும்புகிறார். அவர் அப்படி அண்ணாந்து பார்க்க வேண்டியிராத ஊராக நம் ஊரை ஆக்குவது பதாகை வைக்கும் நம் கையில்தான் இருக்கிறது, நண்பர்களே.